புயலின் எடை

எங்கள் நாயின் பெயர் புயல். தொண்ணூற்று நான்கில் அடித்த புயலுக்கு மறுநாள், வேரோடு சாய்ந்த ஒரு வேப்பமரத்தின் அடியில் நனைந்த காலுறை மாதிரி கிடந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பெயர் வைக்கும் பொறுப்பு எட்டு வயதான என்னிடம் வந்தது. நான் அதிகம் சிரமப்படவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2006 கோடையில், புயல் வலுவிழந்திருந்தது. காலையில் எழ வேண்டும் என்றால் முதலில் முன்கால்களை ஊன்றும். பிறகு பின்கால்களுக்குத் தகவல் அனுப்பும். பதில் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அதன் இடுப்பைத் தாங்கிப் பிடித்து எழுப்பி, வாசல்வரை நடத்திவிட்டு வருவதற்குள் கல்லூரிப் பேருந்து போய்விடும். தாமதத்துக்குக் காரணம் புயல் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று வானம் தெளிவாக இருந்ததால் துறைத் தலைவர் ஏற்கவில்லை.

அந்த ஏப்ரலில் அப்பா ஓய்வு பெற்றார். அணு ஆராய்ச்சி மையத்தில் முப்பத்து மூன்று வருடம் அவர் பார்த்த வேலை, அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று அளந்து பார்ப்பது. ஜூலை பாதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இருந்தது தரைத்தளம். போகவேண்டியது கேளம்பாக்கத்தில் அப்பா முன்பே வாங்கி வாடகைக்கு விட்டிருந்த வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, முப்பத்தாறு படி. சில வருடங்களுக்கு முன் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று புயல் எங்களுக்கு முன்னால் ஓடி ஏறி, மேலே நின்று குரைத்து, ஒப்புதல் கொடுத்திருந்தது.

“இப்ப இவன் எப்படிங்க ஏறுவான்?” என்றாள் அம்மா.

அம்மாவின் தம்பி ராமதாஸ் மாமா செய்யூரில் வேர்க்கடலை போடுகிறவர். “எங்கிட்ட விட்டுடுங்க மாமா, பம்பு செட்டுல கெடக்கட்டும்” என்று அப்பாவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். பம்பு செட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் கிடந்தன. மூன்றுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் தமிழரசி புயலின் இடுப்பைத் தொட்டு, கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“மூட்டுத் தேய்மானம் சார். சரியாப் போகாது. ஆனா நடமாட வைக்கலாம்.” வெந்நீர் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூன்று முறை சின்ன நடை, வழுக்காத தரை, முடிந்தால் கொஞ்சம் நீச்சல் என்று எழுதிக் கொடுத்தார்.

“நான் போடற முட்டிவலி மாத்திரையில பாதி குடுக்கலாமா?” என்றார் அப்பா.

“மனுஷ மாத்திரை குடுத்தீங்கன்னா மூட்டுக்கு முன்னாடி கிட்னி போயிடும்.”

“மாடிப்படி?”

“முப்பத்து நாலு கிலோ இருக்கான். இந்த எடையோட ஏத்தவே கூடாது. முப்பதுக்குக் கீழ கொண்டு வாங்க. அப்புறம் வயித்துக்கு அடியில துண்டைக் குடுத்து, பாரத்தை நீங்க தாங்கிக்கிட்டு மெதுவா ஏத்தலாம். முடியலைன்னா தரையோட இருக்கற எடமாப் பார்த்து விட்டுடுங்க, பாவம்.”

ஆக, முப்பது. என் வாழ்க்கையில் முதன்முறையாக எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு ஒருவர் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது.

அப்பா ஃப்ரிட்ஜின் மேல் ஓர் அட்டவணை ஒட்டினார். புயலின் காலை உணவான இரண்டு தோசையும், இரவுத் தயிர்சாதமும் ரத்து. பதிலாக வேகவைத்த பூசணிக்காய், கேரட், கொஞ்சம் கோழி. முதல் நாள் பூசணிக்காயைப் பார்த்துவிட்டுப் புயல் என்னைப் பார்த்த பார்வையை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கள் கல்லூரி மெஸ்ஸில்.

எடை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. மெஷினில் தனியாக நிற்கப் புயலுக்கு வராது. அதனால் அப்பா ஏறி நிற்பார், நான் புயலைத் தூக்கி அவர் கையில் கொடுப்பேன், வரும் எண்ணில் அப்பாவின் எடையான அறுபத்தெட்டைக் கழிப்போம். அறுபத்தெட்டு என்பது பிப்ரவரியில் அலுவலக மருத்துவப் பரிசோதனையில் எடுத்தது, முத்திரை வைத்தது.

“நான் ஏறி நிக்கறேம்பா.”

“நீ பரோட்டா தின்றவன். உன் எடையை நம்ப முடியாது.”

நீச்சலுக்கு மூர்த்தி கிடைத்தான். என் வகுப்புதான், பக்கத்துக் குப்பத்துப் பையன். தினமும் சாயங்காலம் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, புயலின் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொள்வான். தரையில் நான்கு கால்களும் நான்கு கட்சிகளாக இருந்த நாய், தண்ணீரில் கூட்டணி அமைத்துக்கொண்டது. மெல்ல மூர்த்தி கையை எடுப்பான். அது தெரியாமலே புயல் பத்தடி போய்விட்டுத் திரும்பி வரும்.

“மச்சான், உன்ன வுட நல்லா நீஞ்சுது” என்பான்.

ஒத்தடம் அப்பாவின் இலாகா. சூடு சரியா என்று துண்டை முதலில் தன் முழங்காலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புயலின் இடுப்பில் வைப்பார். தன் முழங்காலில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துப் பார்ப்பார்.

இவ்வளவும் செய்து, அட்டவணை சொன்னது: முப்பத்து நாலு. முப்பத்து நாலு. முப்பத்து மூன்றரை. முப்பத்து நாலு. ஒன்பது வாரம். ஜூலை இரண்டாம் தேதி மெஷின் நூற்றிரண்டு என்றது. அப்பா அறுபத்தெட்டைக் கழித்து, எண்ணை எழுதி, பேனாவை மூடினார்.

“சகுந்தலா, உன் தம்பியை அடுத்த ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிடு.”

அம்மா அடுப்படிக்குப் போனாள். அப்பா தரையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஒத்தடம் கொடுத்தார். அன்று ஏற்கெனவே ஒரு முறை கொடுத்திருந்தார்.

எனக்குச் சந்தேகம் மூர்த்தி மேல். சாயங்காலம் கழிக்கரையில் நேராகக் கேட்டேன். “மீன் போட்டியாடா இவனுக்கு?”

“இன்னா மச்சான் பேஜார் பண்ற? எங்காத்தா எனக்கே மீன எண்ணித்தான் போடுது. தூக்கிப் பாரு ஒன் நாய, கயித்துக் கட்டிலு மாரி கீது.”

“முப்பத்து நாலு கிலோடா!”

“தெனம் தண்ணிலேந்து தூக்கறவன் நானு. சும்மா அளக்காத.”

கொஞ்ச தூரத்தில் மீன் எடை போடும் இடத்தில் மூர்த்தியின் அம்மா ஆதியம்மாள் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். “இன்னாடா கூவிகினு கீறீங்க? நாயி எடதான? இட்டா இங்க.”

மூன்று கம்புகளை முக்காலியாக நிறுத்தித் தராசு தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பழைய வலையில் புயலை வைத்து மாட்டினோம். நான்கு கால்களும் வெளியே தொங்க, கம்பீரத்தை விடாமல் அது கடலைப் பார்த்தது.

“நைனா, ஏலத்துல வுட்டா போவாது, வயசாயிடிச்சி” என்று சொல்லிவிட்டு ஆதியம்மாள் முள்ளைப் பார்த்தார். “முப்பது.” புயலை இறக்கிவிட்டு, ஈர வலையை மட்டும் திரும்ப மாட்டினார். “வல ஒன்னு. நாயி இருபத்தொம்போது.”

“வலையை எதுக்கும்மா தனியாப் போட்டீங்க?”

“போடாம? கூடன்னாலும் வலன்னாலும் ஒவ்வொரு தபாவும் காலியா எட போட்டுத்தான் கழிக்கணும். நேத்து காஞ்சி கெடந்த கூட இன்னிக்கு நனஞ்சிகினு இருக்கும். நேத்து எடையவே கழிச்சா ஏமாந்துதான் போவணும்.”

எங்கள் வீட்டுக் கூடையை யாரும் ஒன்பது வாரமாகக் காலியாக எடை போடவில்லை.

வீட்டுக்குப் போனதும் மெஷினை இழுத்து அப்பாவின் முன்னால் வைத்தேன். “ஏறுங்கப்பா. தனியா.”

“எதுக்கு? அறுபத்தெட்டு.”

“ஏறுங்க.”

ஏறினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எழுபத்து மூன்று.

அம்மாதான் முதலில் பேசினாள். “இவனுக்குத் தோசையை நிறுத்தினோமா... என் கை பழக்கத்துல ஊத்திடுது. வீணாப் போகுதேன்னு உங்க தட்டுல...”

“தயிர்சாதம்?”

“அதுவுந்தாங்க.”

புயலிடமிருந்து போன ஐந்து கிலோ, கிராம் குறையாமல் அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து அப்பா கட்டியது வேட்டி. பேன்ட்டாக இருந்தால் மூன்றாம் வாரமே உண்மையைச் சொல்லியிருக்கும். வேட்டி யாரையும் காட்டிக் கொடுக்காது.

முப்பத்து மூன்று வருடம் ஊரிலுள்ள கருவிகளைச் சந்தேகித்தவர், மெஷினிலிருந்து இறங்காமலே நூற்றிரண்டில் எழுபத்து மூன்றைக் கழித்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“ராமதாஸ், வரவேண்டாம்ப்பா. இல்லல்ல, நாய் நல்லாத்தான் இருக்கு. கருவியிலதான் பிழை.”

ஃப்ரிட்ஜிலிருந்த அட்டவணையில் அன்றே அப்பாவின் எடைக்கென்று இரண்டாவது பத்தி ஒன்று சேர்ந்தது. ராத்திரி அப்பாவின் தட்டில் பூசணிக்காய் விழுந்தது. அவரும் புயலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூலை பதினான்கு, கேளம்பாக்கம். லாரிக்காரர்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றி முடித்துப் போய்விட்டார்கள். மேலே அம்மா வாசலிலிருந்து ஹால்வரை கயிற்றுப் பாய்களை வரிசையாக விரித்து வைத்திருந்தாள், டைல்ஸில் வழுக்கக் கூடாதென்று. கீழே முதல் படிக்கு முன்னால் புயல் நின்று, முப்பத்தாறையும் அண்ணாந்து பார்த்தது. பழைய துண்டை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் அப்பா பிடித்துக்கொண்டார். நான் பின்னால், தயாராக.

“தூக்கக் கூடாது, தாங்கணும்” என்று அப்பா தனக்கே சொல்லிக்கொண்டார். முன்கால் ஒரு படி. துண்டு. பின்கால் ஒரு படி. நிறுத்தம். பதினெட்டாம் படியில், மாடித் திருப்பத்தில், புயல் உட்கார்ந்தது. அப்பாவும் உட்கார்ந்தார். இருவருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது. புயல் தலையை அப்பாவின் முழங்காலில் வைத்தது. வலிக்கிற முழங்கால்தான், அவர் நகர்த்தவில்லை.

“இன்னுமா வரல?” என்று மேலேயிருந்து அம்மாவின் குரல்.

“வர்றோம், வர்றோம்” என்றார் அப்பா.

முதலில் எழுந்தது புயல். முன்கால்களை ஊன்றியது, தகவல் அனுப்பியது, பதில் வந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டேன். அப்பா சுவரைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, அடுத்த காலுக்காகக் காத்திருந்தார்.

புயல் ஒரு படி ஏறியதும் நின்றது. துண்டு தளர்வாகத்தான் இருந்தது. நான் இழுத்துப் பிடிக்கவும் இல்லை. அது திரும்பி, அப்பா எழுந்து வரும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.