யாரை அம்மா என்றாள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் தங்கை சொன்னது. சொல்லி முடித்த கையோடு, "இத எழுதிடாதண்ணா" என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மறந்துபோயிருப்பேன். (பொய். மறந்திருக்க மாட்டேன்.)

தங்கைக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. ஓர் அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடியில், இரண்டு வயதுக்கு உட்பட்ட ஒன்பது பிள்ளைகள் அவள் பொறுப்பு. குழந்தை மனம் பற்றி மாலை வகுப்பில் ஓராண்டு படித்தவள். அதனால் எங்கள் வீட்டில் அவள் காதுபட யாரும் ஒரு குழந்தையை 'அடம்' என்று சொல்லிவிட முடியாது. உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பட்டாணி அன்று காலையிலும் அழவில்லை. அம்மா தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று அவளுடைய பிஞ்சு மனம்…'

நிறுத்திவிட்டேன். பட்டாணிக்கு இருபது மாதம். (அது தங்கை வைத்த செல்லப்பெயர்.) அவளிடம் அப்போது மொத்தம் பதினைந்து சொற்கள்தான் இருந்தன. 'தன்னை', 'விட்டு', 'போய்விட்டாள்' எதுவும் அதில் இல்லை. என் சொற்களை அவள் தலைக்குள் திணித்தால் அது அவள் மனமாகாது. என் மனத்துக்கு ஒரு குட்டி கவுன் மாட்டிவிட்டதாகத்தான் ஆகும். ஆகவே தங்கை வெளியிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

2

பட்டாணியின் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. ஐந்து நாளில் வீடு திரும்புவதாக இருந்தது. புண்ணில் சீழ் வைத்துப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அந்த வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். தினமும் காலையில் அப்பாதான் அவளைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்து விட்டார். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்பார். பத்தொன்பது நாளும் அதே கடை.

(அப்பாவை இன்னும் கொஞ்சம் மோசமாக்கினால் கதைக்கு வசதி. ஆனால் அவர் தினமும் மகளின் தலையில் குடுமி போடப் பார்த்து, தோற்று, ரப்பர் பேண்டைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாராம். விட்டுவிடுகிறேன்.)

முதல் நான்கு நாள் பட்டாணி கதவைப் பிடித்துக்கொண்டு தொண்டை கம்மும்வரை அழுதாள். ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள், படுக்கவைத்தால் தூங்கினாள். எல்லோருக்கும் நிம்மதி. சமத்து, பழகிவிட்டாள் என்றார் காப்பகத்து மேடம். தங்கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அழுகிற குழந்தை யாரோ வருவார்கள் என்று நம்பித்தான் அழுகிறது, அழுகையை விட்டுவிட்ட குழந்தை கூடவே எதை விட்டது என்று யோசித்துப் பார் என்றாள் என்னிடம்.

யோசித்தேன். சில நாள் புரிந்துவிட்டது போலிருக்கும். சில நாள், உண்மையிலேயே பழகியும் இருக்கலாமே என்று தோன்றும்.

ஒன்பதாம் நாள் பட்டாணி என் தங்கையைப் பார்த்து "அம்மா" என்றாள்.

(இங்கே ஒரு சிக்கல். நாம் பெண் குழந்தையையும் 'வாம்மா, சாப்பிடும்மா' என்றுதான் கூப்பிடுகிறோம். தங்கையும் நாள் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். அப்படியானால் அந்த 'அம்மா' யார்? ஆஸ்பத்திரியில் இருந்தவளா, எதிரே இருந்தவளா, இல்லை, பட்டாணி தன்னையே சொல்லிக்கொண்டாளா? தான் எங்கே முடிகிறோம், அம்மா எங்கே தொடங்குகிறாள் என்பது கைக்குழந்தைக்குத் தெரியாது என்று தங்கையின் பாடத்தில் இருக்கிறதாம். இருபது மாதத்துக்குள் தெரிந்துவிடும் என்றும் இருக்கிறதாம்.)

தங்கை திருத்தவில்லை. "என்னம்மா" என்றாள். அடுத்த பத்து நாளும் "என்னம்மா" என்றாள்.

எழுதாதே என்று அவள் சொன்னது இதைத்தான்.

3

இருபதாம் நாள் மாலை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே காப்பகத்துக்கு வந்தாள். பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெதுமெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மறுகையை நீட்டினாள்.

பட்டாணி அவளை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தங்கையின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு "அம்மா" என்றாள்.

"என்னம்மா" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

"வாய்ல வந்துடுச்சுண்ணா" என்றாள் தங்கை என்னிடம். "அவங்க நிமிந்து என்னப் பாத்தாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல."

அம்மா குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். பட்டாணி அவள் மணிக்கட்டைக் கடித்தாள். விளையாட்டுக் கடி இல்லை. விட்டபோது தோல் கன்றியிருந்தது.

அம்மா கையை உதறவில்லை. கண்ணருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, லேபில் அச்சுப் பார்ப்பதுபோல் அந்தத் தடத்தைப் பார்த்தாள். முன்பற்களின் வரிசை, அதற்கு இரண்டு பக்கமும் கூராக ஒவ்வொரு புள்ளி.

"கோரைப் பல்லு" என்றாள். "நான் போகும்போது இது இல்ல. ரெண்டும் வந்திருச்சு."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

4

இந்த இடத்தில் தங்கையின் பாடம் தேவைப்படுகிறது. மனப்பகுப்பாய்வில் ஒரு கருத்து உண்டாம்: கைக்குழந்தைக்கு முதலில் இரண்டு அம்மா. பசியாற்றுகிறவள் ஒருத்தி, கூப்பிட்டும் வராதவள் இன்னொருத்தி. ஒருத்தியைக் கொஞ்சும், இன்னொருத்தியைக் கடிக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெல்லத் தெரியவரும்போது, கடித்தது யாரை என்பதும் தெரிந்துபோகிறது. வருத்தம் என்ற ஒன்று முதன்முதலாக அப்போதுதான் வருகிறது. காயத்தை ஆற்றிவிட வேண்டும் என்ற ஆசையும்.

அப்படியானால் பட்டாணி கடித்தது வராத அம்மாவை. அல்லது, வந்துவிட்ட அம்மாவை, இத்தனை நாள் ஏன் என்று. அல்லது தங்கையைக் கடிக்க முடியாததால்…

அல்லது, பல் முளைக்கும்போது எல்லாக் குழந்தைகளும் கடிக்கும்.

இந்தப் பத்தியை ஆறு முறை எழுதினேன். எழுதும்போது தெளிவாக இருந்தது, மறுநாள் வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது.

தங்கை முதல் முறை சொன்னபோது இப்படி முடித்தாள்: அம்மா அழுவதைப் பட்டாணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, கடித்த இடத்தில் 'உஃப்' என்று ஊதினாள்.

எனக்கு அது போதும். பாடத்துக்கும் பொருந்துகிறது, கதைக்கும் பொருந்துகிறது. இங்கேயே முடித்திருக்க வேண்டும்.

5

முடிக்காமல், அதுவரை எழுதியதைத் தங்கையிடம் படித்துக்காட்டினேன். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்; திட்டவில்லை. ஆகவே கேட்டேன்: பட்டாணி தானாக ஊதினாளா, 'ஊதி விடும்மா' என்று நீ சொன்னாயா? சொல்லி ஊதியிருந்தால் அது பழக்கிவைத்த மரியாதை. தானாக ஊதியிருந்தால் வேறு.



"தெரியலண்ணா. நான் பாக்கல. சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுட்டேன்."

ஊதினாள் என்று சொன்னாயே என்றேன்.

"சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஊதியிருப்பா." கொஞ்சம் கழித்து, "நான் திரும்பினப்ப ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க" என்றாள்.

மறுவாரமே பட்டாணியை வேறு காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று அப்பாவும் சொல்லவில்லை, மேடமும் கேட்கவில்லை.

ஆக, அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்கு நினைவிருக்காது. இன்னொருத்தியிடம் போய், அன்று உங்கள் மகள் ஊதினாளா என்று கேட்க எனக்கு வாய் வராது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஊதினாள் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஊதவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். எந்த அம்மாவுக்கு என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். இவ்வளவு பக்கமும் நான் குழந்தையையும் பெற்றவளையும் வைத்தே குழம்பிக்கொண்டிருந்துவிட்டேன். நீங்கள் முடிவை எழுதும்போது மறந்துவிடாதீர்கள்: அந்த அறையில் சுவரைப் பார்த்து நிற்கிற ஒருத்தியும் இருக்கிறாள். பத்து நாள் "என்னம்மா" என்றவள். அவளை எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.