நெ. 4 சங்கு

கருப்புசாமி கடலைப் பார்த்ததில்லை. ஆனால் முப்பத்தோரு வருசமாகக் கப்பல் சங்கு ஊதித்தான் பிழைப்பு. பீளமேட்டில் அவர் வேலை பார்த்த பஞ்சாலையை மூடி இருபது வருசமாச்சு. மிசின் போச்சு, ஆள் போச்சு, கூரைத் தகரம்கூடப் போச்சு. மாடியில் இருக்கிற ஷிப்ட் சங்கு மட்டும் தினம் காலை ஏழு மணிக்கு ஊதும். காரணம் பக்தி இல்லை, குடியிருக்கிற ஊடு. சங்குச் சத்தம் கேட்காமல் பெரிய முதலாளி சுந்தரராஜுலுவுக்குக் காலைக்கடன் கழியாது. அதனால் 'சங்கு ஊதுகிற வரைக்கும் கருப்புசாமி ஆலை லைன் வீட்டில் குடியிருக்கலாம்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மனுசன் போய்ச் சேர்ந்தார், தாள் நின்றது.

உலக யுத்தத்தில் சரக்கு ஏற்றிய 'கார்ன்மூர்' கப்பலைக் கொச்சியில் உடைத்தார்கள், அதன் பித்தளைச் சங்கை என் அப்பா ஏலத்தில் எடுத்தார் என்று சுந்தரராஜுலு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பேரன் யஷ்வந்த் அதை நம்பி ஆலைக்குள் ஓட்டலே கட்டிவிட்டான். வாசல் கப்பல் மூக்கு மாதிரி. ஜன்னலெல்லாம் வட்டம். சர்வர்களுக்கு மாலுமித் தொப்பி. கோயமுத்தூருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலையே நிற்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சுவரில் எழுதக் கப்பலின் வரலாறு வேண்டுமென்று மெஹராஜ் என்கிற ஆராய்ச்சிக்காரம்மாவைச் சென்னையிலிருந்து வரவழைத்தான்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் அந்தம்மா கோப்போடு வந்து நின்றார்.

"கப்பல் முழுகிடுச்சு சார். நாப்பத்து மூணுல, அரபிக்கடல்ல. நீர்மூழ்கி அடிச்சிருக்கு. யாரும் உடைக்கவும் இல்ல, ஏலம் போடவும் இல்ல."

"சங்கு?"

"சங்கோடதான் முழுகுச்சு."

யஷ்வந்த் அண்ணாந்து மாடியைப் பார்த்தான். "அப்ப அது என்னண்ணா?"

"சங்குங்க தம்பி," என்றார் கருப்புசாமி.

"சங்கு கடலுக்கு அடியில இருக்குது. அப்ப இது சங்கு இல்ல."

"இன்னைக்குக் காத்தாலதானுங்க ஊதுனேன்."

"அது ஏதோ சத்தம்ணா. கழட்டிக் காயலான் கடைக்குப் போட்டுறலாம். ஸ்பீக்கர்ல கப்பல் சத்தம் வெச்சுக்கறேன்."

"அப்ப ஊடுங்க?"

"சங்கு ஊதற வரைக்கும்னுதானே தாத்தா எழுதியிருக்காரு?"

கருப்புசாமி பொண்டாட்டி பழனியாத்தாளிடம் போய்ச் சொன்னார். அவள் கையிலிருந்த முறத்தை வீசினாள். "எங்கம்மா பொறக்கறதுக்கு மின்னாடி முழுகுன கப்பலுக்கு, நாம எதுக்குங்க சாமான் சட்டியத் தூக்கோணும்? சங்குல பேரு இருக்குமல்லங்க? சொரண்டிப் பாருங்க போங்க!"

அங்கேதான் சிக்கல். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சங்குக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடிப்பது ஆலை வழக்கம். பழசைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் மிசின் கோவித்துக்கொள்ளும் என்பது மிசின் பார்க்கிற பிட்டர்மாரின் சட்டம். இப்போது பெயிண்ட்டே விரல்கனம் இருந்தது.

மறுநாள் யஷ்வந்த்தும் மெஹராஜும் பார்த்துக்கொண்டு நிற்க, கருப்புசாமி சங்கைக் கும்பிட்டுவிட்டு உளியை வைத்தார். நீலம் உதிர்ந்தது. பச்சை, வெள்ளி, காவி, மறுபடி பச்சை. முக்கால் மணி நேரம் கழித்து எழுத்து தெரிந்தது.

மெஹராஜ் குனிந்து படித்தார். "எஸ்.எஸ். கார்ன்மூர், கிளாஸ்கோ."

யஷ்வந்த் கருப்புசாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணா, ஊடு உங்களுக்குத்தான்!"

"பித்தளைன்னு சொன்னீங்க. இது இரும்பா இருக்கே?" என்றார் மெஹராஜ். "இன்னும் கீழே சுரண்டுங்க."

கீழே இருந்ததைக் கருப்புசாமியே படித்தார். தமிழ் எழுத்து. 'பீளமேடு. நெ. 4.'

மெஹராஜ் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "நாப்பத்து ரெண்டுல கொச்சியில சங்கு விரிசல் விட்டிருக்கு. ரிப்பேருக்குக் கோயமுத்தூர் வார்ப்புப் பவுண்டரிக்கு அனுப்பி, மூணு வாரத்துல திரும்ப வந்ததுன்னு போட்டிருக்கு."

கருப்புசாமிக்குச் சட்டென்று விளங்கியது. ரிப்பேருக்கு வந்த சாமானைச் சும்மா திருப்பி அனுப்ப இந்த ஊருக்கு மனசு வருமா? சாம்பிள் கிடைத்ததென்று மண்ணில் பதித்து வரிசையாக நம்பர் போட்டு வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். கப்பல் பெயர், கிளாஸ்கோ விலாசம், ஒரு பக்கத்து ஒடுக்கு, விரிசல் விட்ட கோடு எல்லாம் சாம்பிளில் இருந்ததால் இதிலும் இருந்தது.

"அப்ப முழுகினது ஒரிஜினல்தானே?" என்றான் யஷ்வந்த்.

"ஒரிஜினலத் திருப்பிக் குடுக்கற ஊருங்களா தம்பி இது?"

மெஹராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சங்கில் கார்ன்மூர் என்று பெயர் உள்ளது. சுவருக்கு இந்த ஒரு வரி எழுதறேன், இது நிஜம். இதுக்கு மேல என் பேரைப் போடாதீங்க சார்."

"அது போதும்." யஷ்வந்த் கருப்புசாமியின் தோளில் கை போட்டான். "அண்ணா, மேல் எழுத்து இருக்கட்டும். கீழ் எழுத்து மேல ஒரு கோட்டு அடிச்சுருங்க."

"அடிச்சுப்போட்டாப் போச்சுங்க. பெயிண்ட் இருக்குது, பிரஷ் இருக்குது. தாள்தானுங்க இல்ல."

"என்ன தாள்?"

"ஊட்டுத் தாளுங்க. பழசுல ஊதற வரைக்கும்னு இருக்குது. புதுசுல ஊதுனாலும் ஊதாட்டியும்னு எழுதோணும்."

யஷ்வந்த் மெனு அட்டையைத் திருப்பிப் பேனாவை எடுத்தான்.

"முத்திரைத்தாளுங்க தம்பி. நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நான் அதுவரைக்கும் பெயிண்டக் கலக்கிட்டு இருக்கறேன்."

சாயங்காலம் தாளைப் பழனியாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்து, ரெண்டாம் தடவையும் படித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அதற்கப்புறம்தான் கருப்புசாமி பிரஷ்ஷை நனைத்தார்.

திறப்பு விழாவன்று காலை, தொப்பி போட்ட சர்வர்கள் சல்யூட்டுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி நின்றார்கள். விருந்தாளிகள் மாடியையே பார்த்தார்கள். மணி ஏழு ஆச்சு. ஏழேகால் ஆச்சு.

கேப்டன் உடுப்போடு யஷ்வந்த் லைன் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஏனுங்ண்ணா, ஊதலீங்களா?"

கருப்புசாமி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "எம்பது வருசத்துக்கு மின்னாடி முழுகுன கப்பலுங்க தம்பி. மெதுவாத்தான் வரும். உக்காருங்க."

பழனியாத்தாள் கேப்டனுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.