கீச்சிடும் இடுப்பு

பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பூனை வாத்தியார் என்று பேர். பரீட்சை அறையில் அவர் வருவதே தெரியாது. காப்பியடிப்பவன் பிடரியில் மூச்சுக்காற்று படும்போதுதான் தெரியும். இடது இடுப்பு மூட்டு தேய்ந்து நாலு வருஷம் நொண்டியபோதும் அந்தப் பேரைக் காப்பாற்றி வந்தார். கடைசியில், நீண்ட விடுப்பு எடுத்து, ஆபரேஷன் செய்து பீங்கான் மூட்டு வைத்துக்கொண்டார்.

வலி போனது. ஆறாவது வாரம் கைத்தடியும் போனது. மூன்றாவது மாதம் சத்தம் வந்தது. இடது காலை எடுத்து வைத்தால் ‘கீச்’.

“புதுச் செருப்பா?” என்றாள் மனைவி.

“நான் வெறுங்கால்ல நிக்கிறேன்.”

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நகரல, தேயல. பீங்கான் மூட்டு வச்ச சிலருக்கு இப்படிச் சத்தம் வரும். வலி இருக்கா?”

“இல்ல. இதைக் கழட்டி வேற மாட்ட முடியாதா?”

“முடியும். ஆனா ரெண்டாவது ஆபரேஷன் இவ்வளவு சுலபமா இருக்காது. சீழ் பிடிக்கலாம், மூட்டு நழுவலாம். வெறும் சத்தத்துக்காகவா?”

“நான் பரீட்சை மேற்பார்வை பாக்கிறவன் டாக்டர்.”

டாக்டர் குனிந்து, கையிலிருந்த பேனாவையே மேசைக்கடியில் கொஞ்ச நேரம் தேடினார்.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியதுமே அரையாண்டுத் தேர்வு வந்தது. முதல் ‘கீச்’சுக்குக் கடைசி பெஞ்சு சிரித்தது. மூன்றாவது வரிசைக்குள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் நெருங்கினால் துண்டுச்சீட்டுகள் உள்ளே போயின. தாண்டினால் வெளியே வந்தன. அரைமணி நேரத்தில் ஒருவர்கூட அகப்படவில்லை. முகம் சுண்டிப்போய், பின்மூலையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் நின்றது. வகுப்பு நெளிய ஆரம்பித்தது. ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னொருவன்.

“கேள்வித்தாள் முன்னாடிதான் இருக்கு” என்றார் அவர், உட்கார்ந்தபடியே.

பத்து நிமிஷம் கழித்து ஒரு பையன் தானே எழுந்து வந்து சீட்டை நீட்டினான். “வச்சிக்கோங்க சார். நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியாம பாத்து எழுதவே வரல.”

அன்று சாயங்காலம் வீட்டு மாடிப்படிகளைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். நாலு வருஷத்தில் முதல் தடவை. இரண்டாவது மாடியில் கீழ்வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு தன் வாசற்கதவடியில் குந்தியிருந்தார்.

“ரெண்டு வாரமா இந்தக் கீலு உயிரை வாங்குது சார். சாயங்காலமானா கத்துது. இப்பகூடக் கத்துச்சு.”

“இன்னும் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க” என்றார் வாத்தியார்.

அவரும் விட்டார். கதவைத் திறந்து மூடினார். “இப்ப சத்தமே இல்ல.”

“நல்ல எண்ணெய்” என்றார் வாத்தியார். கீழ்வீட்டுக்காரர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும்வரை அசையாமல் நின்றுவிட்டு, மேலே ஏறினார்.