வெர்லின் வீட்டோடு முடிந்த உலகம்

அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைக் காபி ஆறுவதற்குள் உலகம் முடிந்துபோனது. ஆனால் வெர்லின் ஸ்டப்ஸின் வேலிக்குள் மட்டும்தான் முடிந்தது. வெளியே மிசௌரி மாநிலம் எப்போதும்போல் இருந்தது, பள்ளிப் பேருந்து ஓடியது, சோளத்தின் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளே விளக்குகள் அணைந்தன, பிக்கப் வண்டி கிளம்ப மறுத்தது, வானம் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்தது, கடையில் வாங்கிய தீனி அத்தனையும் டப்பாவுக்குள்ளேயே சாம்பலானது. மின்சாரக் கம்பெனி ஆள் வந்து கம்பியைச் சோதித்து, வேலிவரை மின்சாரம் ஒழுங்காக வருகிறது, அதற்கு அப்பால் நடப்பது எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பில்ச்சர் ஓடை என்ற எங்கள் ஊரில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். நாங்களும்தான் வருடக்கணக்காக இதற்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். ராய்ஸ் கென்ட்ரி நிலவறையே தோண்டி, கரடியைச் சாய்க்கும் துப்பாக்கிகளை அதற்குள் அடுக்கி வைத்திருந்தான். கரடியை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவனை விட்டுவிட்டு உலக முடிவு வெர்லினைத் தேடிப் போனது அநியாயம் என்று தீவனக் கடையில் பேசிக்கொண்டோம்.

வெர்லினிடம் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி, ‘இருபத்திரண்டு’ என்கிற சின்ன ரகம். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா போடுவது, எங்கள் பக்கத்தில் குழந்தைகள் சுடப் பழகுவது. அதன் பெருமையை அவன் பேசாத நாளில்லை. தோளை இடிக்காது, காதைப் பிளக்காது, ஒரு குளிர்காலத்துக்கான தோட்டா ஒரு கோட்டுப் பையில் அடங்கும், கற்றுக்கொள்கிறவனுக்கும் கஷ்டகாலத்துக்கும் இதைவிட வேறென்ன வேண்டும் என்பான். சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் பெரிய தோட்டாக்களைப்போல இதன் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது, சுட்டால் போனதுதான். ஆகவே அவன் சுடவே இல்லை. வாங்கி வாங்கிக் காபி டப்பாக்களில் கொட்டி, வீட்டின் அடித்தள அறையில் கூரைவரை அடுக்கினான். உலகம் முடிந்த மறுநாள் ஹிக்கரி மரத்து அணிலைக் குறிபார்த்தபோதுதான், தனக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பேச மட்டுமே தெரியும் என்பது அவனுக்கு உறைத்தது. அணில் கொட்டையைத் தின்று முடித்துவிட்டே இறங்கிப் போனது.

வெளியே வர யாரும் அவனைத் தடுக்கவில்லை. வேலியைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் ஹாம்பர்கர் கிடைக்கும். ஆனால் வருடக்கணக்காக உலக முடிவு வரும் வரும் என்று சொன்னவன், வந்த பிறகு ஹாம்பர்கருக்காக எப்படி வெளியே வருவான்? தோட்டத்து டர்னிப் கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டு உள்ளேயே கிடந்தான். ராய்ஸ் இரக்கப்பட்டுத் தன் பெரிய துப்பாக்கியோடு உள்ளே போய் ஓர் அணிலைச் சுட்டுக் கொடுத்தான். வால் மட்டும் கிடைத்தது. வெர்லின் மெலிந்துகொண்டே போனான், நாங்கள் வேலியோரம் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் மனைவி டுவைலா பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள். உலகம் முடிந்த அன்று வேலைக்குப் போயிருந்ததால் வெளியே தங்கிவிட்டாள். அக்கா வீட்டிலிருந்து தினமும் வந்து வேலியருகே நின்று அவனைக் கூப்பிடுவாள். அவன் கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருப்பதைக் கண்ட நாளில் கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அந்தத் தோட்டா டப்பாவெல்லாம் தீர்ற வரைக்கும் உன்கூட இருப்பேன். தீர்ந்துச்சுன்னா நீ என்கூட வெளியே வரணும். சம்மதமா?"

"நீ துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லையே."

"நீ மட்டும் என்ன கிழிச்ச?"

அவன் சம்மதித்தான். அவள் நாளெல்லாம் தகர டப்பாவைக் குறிவைத்துச் சுட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் வெர்லின் யாரோ கிள்ளியதுபோல் முகம் சுளித்தான். அவள் நிறுத்தவில்லை. முதல் பனி விழுவதற்குள் தகர டப்பா விழுந்தது, அடுத்து முயல், அதற்கடுத்து ஓடுகிற அணில். அணிலைப் பொரித்து டர்னிப்போடு அவன் தட்டில் வைத்தபோது வெர்லின் அழுதுகொண்டே தின்றான். அதன்பின் அவளுக்கு ஓர் அணிலுக்கு ஒரு தோட்டா போதும் என்றாகிவிட்டது, டப்பாக்கள் தீர மறுத்தன. ஒரு குளிர்காலம் என்று அவள் நினைத்தது பல குளிர்காலங்கள் ஆயிற்று. கூரைவரை அடுக்கியதற்காக அவன் ரகசியமாகச் சந்தோஷப்பட்டான். வெளியே வந்தால் அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு நாங்கள் இருக்கிறோம், உள்ளே டுவைலா இருக்கிறாள். பள்ளிச் சமையலறையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, மாலையில் அக்கா வீடு இருக்கும் திசையை மட்டும் பார்ப்பாள். அதை அவனும் பார்த்தான்.

கடைசி டப்பாவைத் திறந்த அன்று அதை அவள் அவன் மடியில் வைத்தாள். அவள் கையில் அது இன்னும் ஒரு வருடம் வரும் என்பது இருவருக்கும் தெரியும்.

"இதை நீ சுடு" என்றாள்.

"நான் சுட்டா எல்லாம் வீணாப் போயிடும், டுவைலா."

"தெரியும். வீணாப் போகட்டும்."

வெர்லின் ஒரு முழு மதியமும் நின்று, வேலித்தூணில் வைத்த தகர டப்பாவைச் சுட்டான். ஒன்றுகூடப் படவில்லை. பாதியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் நிறுத்த முடியவில்லை. கடைசித் தோட்டா எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. இருவரும் வேலியைத் தாண்டி வந்தார்கள், நின்றுபோயிருந்த அவன் கைக்கடிகாரம் ஓடத் தொடங்கியது. உலக முடிவு எப்படி இருந்தது என்று ராய்ஸ் கேட்டான். டர்னிப் அதிகம் என்றான் வெர்லின்.

அந்த நிலத்தில் உலகம் இன்றும் முடிந்தபடியே இருக்கிறது, வரி மட்டும் குறைத்திருக்கிறார்கள். வெர்லின் சனிக்கிழமைகளில் ஒரு பெட்டித் தோட்டா வாங்குகிறான், இருவருமாக அன்றே அதைச் சுட்டுத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் ஊரில் ஒருவன் தோட்டாவை வாங்கிய அன்றே சுட்டுத் தீர்ப்பதை நாங்கள் அதுவரை கண்டதில்லை. தீவனக் கடையில் உலக முடிவைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை, இதைப் பற்றித்தான் பேசுகிறோம்.