திரும்பி வந்த பங்கு

பணம் இரண்டாம் முறையும் திரும்பி வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் பஞ்சாலை, ஊர் லாபு. குறிப்பு எழுதும் இடத்தில் போன முறை இருந்த வரியே இப்போதும் இருந்தது: "பங்கை ஏற்றுக்கொள்ளவும்."

ராய்ஸ்டன் அதைத் தன் தங்கை ஷெரிலிடம் காட்டினான். வங்கியில் ஏதோ குளறுபடியாக இருக்கும் என்றாள் அவள். குளறுபடி இவ்வளவு மரியாதையாக எழுதுமா என்று அவன் கேட்டான்.

அண்ணனும் தங்கையும் சிரம்பானில் ஒரு கடைவீட்டு மாடியில் 'நிரை' என்ற கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். தொலைந்துபோன நாயைத் தேடி, விடியும் முன் நெற்றி விளக்கோடு ரப்பர் நிரைகளுக்குள் நுழையும் ஒரு பெண்ணின் கதை அது. முடிக்கப் பணமில்லாமல் போனபோது இணையத்தில் உதவி கேட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ கொடுத்தார்கள். அவர்களுக்குத் தந்த வாக்கு எளிமையானது. விளையாட்டு முடிந்ததும் அது ஒரு கோப்பாக உங்கள் கைக்கு வரும். எந்தக் கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பிறகுதான் வெளிநாட்டு விற்பனைத் தளம் ஒன்று அவர்களைத் தேடி வந்தது. ஓராண்டுக்குத் தங்கள் தளத்தில் மட்டுமே விளையாட்டு கிடைக்க வேண்டும் என்றது. கோப்பாக யாருக்கும் கொடுக்கக் கூடாது. விளையாடுகிறவர் ஒவ்வொருவரும் அங்கே தம் பெயரில் கணக்குத் திறந்து, இணையத் தொடர்போடு விளையாட வேண்டும். இதற்கு ஈடாகத் தருவதாகச் சொன்ன முன்பணம் இருவருக்கும் ஓராண்டுச் சோறு, வாடகை. அது இல்லையென்றால் ஷெரில் நீலாயில் ஓர் அலுவலக வேலைக்குப் போயாக வேண்டும். படங்களெல்லாம் அவள் வரைகிறவை. அவள் போனால் விளையாட்டு முடியுமா என்பதே சந்தேகம். வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிருந்தது.

அதை முன்கூட்டியே அறிவித்த நாள் முதல் ஆதரவாளர்கள் கொதித்துப் போனார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர், நாங்கள் பணம் கொடுத்தது விளையாட்டுக்கு, எவனோ ஒருவனின் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுக்க அல்ல என்று எழுதினார். இன்னொருவர் அவர்களை விலைபோனவர்கள் என்றார். ராய்ஸ்டனுக்கு வலித்தது, ஆனாலும் நியாயமாக நடந்துகொண்டதாக நம்பினான். குறித்த தேதிக்குள் புதிய தளத்தில் கணக்குத் திறந்து இணையாதவர்களுக்குப் பணம் தானாகவே திரும்பிப் போகும்படி செய்திருந்தான். கூடவே ஒரு வரியும் போகும்: "உங்கள் பங்களிப்பு திருப்பி அளிக்கப்பட்டது. இனி இத்திட்டத்தில் உங்களுக்குப் பங்கில்லை."

பணத்தைப் பெற்றுக்கொண்டு திட்டியவர்கள் உண்டு. பேசாமல் பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. திருப்பி அனுப்பியது இந்தப் பஞ்சாலை மட்டும்தான். கோபமில்லை, கேள்வியில்லை, அந்த ஒரு வரி மட்டும். யார் இவர்? வாங்கிக்கொள்ளும் உரிமை இருக்கும்போது ஏன் மறுக்கிறார்? இரண்டு நாட்களாக அவன் வேலை ஓடவில்லை. ஆதரவாளர்களுக்குச் சுவரொட்டி அனுப்புவதற்காக வாங்கிய முகவரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாபுவுக்குப் புறப்பட்டான்.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை போய்க்கொண்டே இருந்தது. அது முடிகிற இடத்தில் வரிசை வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி நீல வண்ணம் பூசிய மாதா சிற்றாலயம், இரண்டுக்கும் இடையில் தோட்ட மண்டபம். மண்டபத்து வாசலில் ஒருவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பஞ்சாலை என்பவரைப் பார்க்க வேண்டும் என்று ராய்ஸ்டன் சொன்னதும் அவர் நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் பஞ்சாலையின் கணவர் முனியாண்டி.

"சிரம்பான்ல கேம் செய்ற தம்பியா?" என்றார். "காச மறுபடி குடுக்க நேராவே வந்துட்டீங்களா? லாரி இருக்கு, கட்டு கட்டா வேணும்னாலும் ஏத்திக்கலாம்லா."

உள்ளேயிருந்து சிரித்தபடி பஞ்சாலை வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேனில் போய்வரும் நேரத்தில் கைப்பேசியில் கேம் ஆடுவாள் என்பதைக் கணவர்தான் சொன்னார், கொஞ்சம் குறையாகவும் கொஞ்சம் பெருமையாகவும். அவள் அவனை உட்கார வைத்துத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடிக்கும் வரை காத்திருந்து பிறகு கேட்டாள்.

"எங்கள எதுக்குத் தம்பி தள்ளி வச்சீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. யாரையும் தள்ளவில்லை, பணத்தை நியாயமாகத் திருப்பித்தான் கொடுத்தோம் என்றான்.

"அதத்தான் கேக்குறேன்" என்றாள் அவள்.

கோயில் திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பங்கு வரி கட்டுவார்கள். இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே அளவு. சிற்றாலயத் திருநாளுக்கும் அப்படித்தான். இரண்டுக்கும் எல்லா வீடும் கொடுக்கும். ஒரு வீட்டின் பங்கைக் கமிட்டி வாங்காமல் திருப்பினால் அந்த வீட்டை ஒதுக்கிவிட்டதாகப் பொருள். அவர்கள் தேர்வடம் தொடக் கூடாது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போக மாட்டார்கள். பஞ்சாலை பிறந்ததிலிருந்து அப்படி ஒரேயொரு முறைதான் நடந்திருக்கிறது. அந்தக் குடும்பம் வெட்கம் தாளாமல் பெடாஸ் பக்கம் குடிபோய்விட்டது.

விளையாட்டின் முன்னோட்டத்தை அவள் தொழிற்சாலை வேனில் பார்த்திருக்கிறாள். அதில் நாய் தோட்டக் கண்காணியான மண்டோரைப் பார்த்துக் குரைக்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டாள். நம் நிரையில் நடக்கிற கேம் என்று தோட்டத்தில் வந்து சொல்ல, எல்லா வீட்டுக்காரர்களும் அதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, ஒரே பங்காக அவள் பெயரில் அனுப்பினார்கள். விளையாட்டு வந்ததும் மண்டபத்துக் கணினியில் போட்டு எல்லாரும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு.

அப்படியானால் ஏன் தேதிக்குள் கணக்குத் திறக்கவில்லை என்று ராய்ஸ்டன் கேட்டான்.

முனியாண்டி சக்கரத்தை விட்டுவிட்டு உள்ளே வந்தார். "அதுக்குக் கூட்டமே போட்டோம் தம்பி. யார் பேர்ல திறக்குறதுன்னு. ஒரு பேர்தான் போடணுமாமே. இவ பேர்ல போட்டா பெரிய வீட்டுக்காரவங்களுக்குப் பிடிக்கல. அவங்க பேர்ல போட்டா எனக்குப் பிடிக்கல."

"கடைசில மாரியம்மா பேர்லயே போடலாம்னு முடிவாச்சு" என்றாள் பஞ்சாலை. "தண்ணித் தாங்கி மேட்டுக்குப் போனாத்தான் இங்க லைன் கிடைக்கும். அங்க ஃபோன எடுத்துட்டுப் போய் பேரப் போட்டா, பொறந்த தேதி கேக்குது."

"எங்க மாதா கோயில் அகதாக்கா உடனே மாதா பேரப் போடுங்கன்னாங்க. மாதாவுக்குத் தேதி இருக்காம், செப்டம்பர் எட்டு" என்றார் முனியாண்டி. "வருஷம் கேட்டுச்சு. அக்கா எறங்கி வந்துட்டாங்க."

ராய்ஸ்டன் சிரித்துவிட்டான். சிரித்த வாய் மூடுவதற்குள் அவனுக்குக் கண் கலங்கியது. அவர்கள் அந்த மேட்டில் நின்றபடி, யாரும் விட்டுப்போகாமல் எல்லாரையும் உள்ளே கொண்டுவர ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் குறித்த தேதி கடந்துபோய், இனி உங்களுக்குப் பங்கில்லை என்ற வரி அவர்களைத் தேடி வந்திருக்கிறது. அதை அவள் எத்தனை வீட்டில் படித்துக் காட்ட வேண்டியிருந்ததோ! ஈப்போக்காரரின் கோபமும் இப்போது அவனுக்கு வேறு மாதிரி தெரிந்தது. பணம் போனதற்காக அவர் கோபப்படவில்லை. தானும் சேர்ந்து செய்த ஒன்றிலிருந்து தன்னை வெளியே நிறுத்தியதற்காகக் கோபப்பட்டிருக்கிறார்.

தவறு புரிகிற வேளை கசப்பானது. தவறு செய்தவனை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஏன் செய்தாய் என்று கேட்கிற மனிதர்கள் அப்போது எதிரில் இருந்துவிட்டால், கடவுள் அவனை மென்மையாகவே கண்டித்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

"பங்க வாங்கிக்குவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்றாள் பஞ்சாலை. "வீட்டு வீட்டுக்குப் பதில் சொல்லணும்."

வாங்கினால் கோப்பு கொடுக்க வேண்டும். கோப்பு கொடுத்தால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. வெள்ளிக்கிழமையும் வாடகையும் ஷெரிலின் முகமும் அவன் மனதில் வந்து நின்றன. தங்கையைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? அவன் எழுந்து தண்ணீர்த் தொட்டி இருந்த மேட்டுக்கு நடந்தான். உச்சியில் நின்றபோதுதான் லைன் கிடைத்தது.

தங்கையை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"பங்கில்லைன்னு அந்த வரிய எழுதினது நான்தான் அண்ணா" என்றாள் ஷெரில். "போய் வாங்கிக்க. நீலாய்க்குப் போறதுன்னா போறேன். சனி ஞாயிறு வரையலாம்."

அவன் இறங்கி வந்தபோது மண்டபத்தில் இன்னும் சிலர் கூடியிருந்தார்கள். பங்கை ஏற்றுக்கொண்டோம் என்று சொன்னால் போதாதாம், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். ராய்ஸ்டன் கைகளைக் கூப்பியபடி, இந்தத் தோட்டத்தின் பங்கை ஏற்றுக்கொண்டோம், கோப்பு மண்டபத்துக்கே வரும் என்றான். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெண்மணி தலையசைத்துவிட்டுக் காய வைத்த துணியை எடுக்கப் போனாள். பஞ்சாலை அவனுடைய கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினாள்.

அன்று மாலையே ஷெரில் விற்பனைத் தளத்துக்கு எழுதினாள். வாதாடவில்லை, லாபுவில் நடந்ததை அப்படியே எழுதி, முதலில் உதவியவர்களுக்குக் கோப்பு கொடுக்க முடியாவிட்டால் கையெழுத்திட மாட்டோம் என்று முடித்தாள். இதுவரை அவர்களோடு பேசிவந்த சிங்கப்பூர் இளைஞன், மேலிடம் சம்மதிக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று பதில் எழுதினான். அப்படிக் கேட்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. முதல் ஆதரவாளர்களுக்கு மட்டும் கோப்பு தரலாம். முன்பணம் பாதியாகக் குறையும்.

அவர்கள் கையெழுத்திட்டார்கள். ஷெரில் நீலாயில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்தாள். ராய்ஸ்டன் எல்லா ஆதரவாளருக்கும் மன்னிப்புக் கேட்டு, உங்கள் பங்கு எங்களிடம் இருக்கலாமா என்று எழுதினான். பலர் சம்மதித்தார்கள். ஈப்போக்காரர் தமக்குப் பணமே போதும் என்று எழுதி, விளையாட்டு நன்றாக வரட்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

நினைத்ததைவிடத் தாமதமாக, மழைக்காலத்தில் 'நிரை' முடிந்தது. ராய்ஸ்டன் பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் காலை பஞ்சாலையிடமிருந்து குரல் செய்தி வந்தது. வேன் ஓடும் சத்தத்துக்கு மேல் அவள் பேசினாள்.

"தம்பி, கேம்ல ஓடைக்கிட்ட வந்து நிக்கிறோம். பாதி வீடு இடது பக்கம் போகணும்னுது, பாதி வீடு வலது பக்கம்னுது. ராத்திரி சண்டையே வந்துருச்சு. நாய் எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, வேணாம், சொல்லாதீங்க. இன்னைக்கு நாங்களே கண்டுபிடிச்சிருவோம்" என்றாள்.