பாட்டுதானே?

வேறு யாராவது எழுதட்டுமாம்... எழுதட்டும், எனக்கென்ன வந்தது, கைவலி மிச்சம் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லச் சொல்ல வயிற்றெரிச்சல்தான் கூடுகிறது. இதோ, மேசைக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி கேள்வித்தாளைப் படித்துக்கொண்டிருக்கிறாள் மகாராணி. மகாராணி நான் வைத்த பெயர், அந்த நாற்காலி சிம்மாசனம், நான் அதைத் தள்ளுகிற சேவகி. ஆறாம் வகுப்பில் வந்தவள், இப்போது பத்து. கை அவள் பேச்சைக் கேட்காது, பேனாவைப் பிடித்தால் விரல்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், வாயும் அப்படித்தான், ஒரு சொல் தொண்டையில் கிளம்பி உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் வகுப்பே அடுத்த பாடத்துக்குப் போய்விடும், ஆனால் மூளை இருக்கிறதே, கத்தி. அதனால்தான் பக்கத்தில் நான். அவள் வாயெடுப்பாள், நான் சொல்லி முடிப்பேன், டீச்சர் 'வெரி குட்' என்பார், எல்லாருக்கும் நேரம் மிச்சம். தேர்வு என்றால் மட்டும் இந்த அறை, உடைந்த பெஞ்சுகளும் அச்சு கழன்ற பூமி உருண்டையும் போட்டு வைக்கிற அறை, அவள் சொல்ல நான் எழுத வேண்டும், சொன்னதை மட்டும், சொன்னபடியே. மேற்பார்வைக்கு டிராயிங் மாஸ்டர். கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்த கையோடு தூங்கிவிட்டார், கொடுத்து வைத்தவர்.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பியபோது, சரிவுப் பாதையை மறித்து யாரோ சைக்கிளை நிறுத்துகிறார்களே, அந்த விஷயமாகத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். "உட்காருங்கம்மா" என்றார். அவர் உட்காரச் சொன்னாலே வம்புதான். "உங்க பொண்ணு நேத்து வந்தா. பொதுத்தேர்வுக்கு வேற யாராவது எழுதட்டும்ங்கிறா." எந்தப் பொண்ணு என்று கேட்டேன், சிறப்பு டீச்சர் என்று இந்தப் பள்ளிக்கே நான் ஒருத்தி, எழுத்தெல்லாம் இடம் மாறித் தெரிகிற பையன், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் நுழைகிறவன், எல்லாமே என் பிள்ளைகள்தான், ஆனாலும் கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "அவளேவா சொன்னா? முழுசாவா?" "முழுசாத்தான். முடிக்கிற வரைக்கும் கேட்டேன், என் காபியே ஆறிப்போச்சுன்னா பாத்துக்கங்க. ஏன்னு கேட்டா வாயத் திறக்கல. இன்னைக்கு மாதிரித் தேர்வ நீங்களே எழுதிடுங்க, அப்படியே பேசிப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள யாரு பேருன்னு நான் அனுப்பியாகணும்." சாயங்காலத்துக்குள். புதிதாக வருகிற ஆளுக்கு இவள் பேச்சு எங்கே புரியப் போகிறது, என்னம்மா என்னம்மா என்று கேட்டே பாதி நேரம் போய்விடும், மீதித் தாள் வெள்ளையாகப் போகும், ஃபெயில், அப்புறம் அவளும் நானும் இத்தனை வருஷம் பட்ட பாடு? இதை அவளிடம் சொல்ல வேண்டாமா... சொன்னால், பாரு, நான் இல்லாவிட்டால் நீ அம்பேல் என்று பயமுறுத்துகிற மாதிரி ஆகாதா? ஆனால் அதுதானே உண்மை? நான் என்னடி பண்ணினேன் உனக்கு என்று கேட்கலாமா? கேட்டால் அழுதுவிடுவேன், அதுவும் இந்த மனிதர் குறட்டை விடுகிற இடத்தில், வேண்டாம்.

"ம்" என்கிறாள். ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம், அவளுடைய ஒவ்வொரு 'ம்'மும் எனக்கு அத்துப்படி. சின்னக் கேள்விகள் போய்க்கொண்டிருக்கின்றன, அவள் முதல் எழுத்தைத் தருவாள், நான் மீதியை எழுதுவேன், அவள் தலையாட்டுவாள், நல்லபடியாகத்தான் ஓடுகிறது, இதில் என்ன குறை கண்டாள்? முழங்கால் விண்விண் என்கிறது, காலையில் சிம்மாசனத்தைச் சரிவில் ஏற்றியபோதே பிடித்தது. தூங்கினால் போதும், எங்கேயாவது, அந்த உடைந்த பெஞ்சில்கூட. வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து. நேற்று அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே "இந்த ஞாயித்துக்கிழம அம்மாவ..." என்று இழுத்தார். கூட்டிட்டு வரணும், அவ்வளவுதானே, வரட்டும், ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும் என்றேன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். "ஒரு எட்டு பாத்துட்டு வரேன்னு சொல்ல வந்தேன்டி! லைன்ல அம்மா கேட்டுட்டிருக்காங்க!" இப்போது மாமியார் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். "நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிற, அப்புறம் இந்த வீட்ல எனக்கு எதுக்கு வாய்" என்று ராத்திரி சாப்பாட்டில் ஒரே கேலி, பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு. வேகம் என் குணம், என்ன செய்ய, நான் வேகமாக இல்லாவிட்டால் இங்கே எந்தக் குழந்தைக்கும் எதுவும் நடக்காது. அடுத்தது கட்டுரை. உனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக. அப்பாடா, இது நமக்குக் கைவந்த கேள்வி.

"எனக்கு... மிகவும்... பிடித்தது... பா..." அவள் உதடு மூடித் திறப்பதற்குள் நான் பாட்டு என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா? ஏழாம் வகுப்பில் புதிதாக வந்த வகுப்பாசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாரே, இவள் முறை வந்ததும் "பா... பா..." என்று முகமெல்லாம் சிவந்து திணற, பின்பெஞ்சில் எவனோ சிரிக்க, எனக்குப் பொறுக்கவில்லை, பாட்டு! பாட்டுதானே தங்கம்? என்றேன், அவள் தலையாட்டினாள், வகுப்பே கைதட்டியது. அன்றிலிருந்து பள்ளியில் எங்கே பாட்டுப் போட்டி என்றாலும் முதல் வரிசையில் அவள் சிம்மாசனம், அவள் அம்மாவிடம் நானே சொல்லி ஸ்பீக்கர் வாங்க வைத்தேன், வீடே அதிருதுங்க டீச்சர் என்று அந்தம்மா பூரித்துப்போனார்... "இல்ல." என்ன இல்ல? "பாட்டு... இல்ல." தாளைப் பார்த்துச் சொல்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. பாட்டுதானேடி? என்று வாய்வரை வந்துவிட்டது, அதற்குள் அவள் கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு உதட்டையும் ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி, "பா...ம்...பு!" என்கிறாள், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. டிராயிங் மாஸ்டர் அலறியடித்துக்கொண்டு இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொள்கிறார். "எங்க? எங்க?" ஒன்றுமில்லை சார், கட்டுரை, என்கிறேன், எனக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. பாட்டை அடித்துவிட்டுப் பாம்பு என்று எழுதுகிறேன்.

பாம்பு. எத்தனை வருஷமாகப் பாம்பு? "பாம்புக்கு... வெளியே... காது... இல்லை." எழுதுகிறேன். "தரையின்... அதிர்வை... தா..." தாவி? தாங்கி? சும்மா இரு, நாக்கைக் கடித்துக்கொள், சும்மா இரு... "தாடையால்... உணரும்." தாடை என்று எனக்கு வந்தே இருக்காது. "பழைய... தோ..." தோட்டம் என்கிறது என் கை, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன், "தோலை... அதுவே... உரிக்கும்." ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இவ்வளவு நேரமா, அடேயப்பா, அந்த நேரமெல்லாம் அவள் தனியாக உள்ளே இருந்து இழுத்துக்கொண்டிருக்கிறாள், நான் இதுவரை அந்த இடத்தில் நின்றதே இல்லை, அங்கேதான் நான் பேசிக்கொண்டிருப்பேனே. "பாம்புக்குக்... கால்... இல்லை. அதை... யாரும்... பாவம்... என்று... சொல்வதில்லை." எழுதும்போது கண் கலங்குகிறது, தாளில் பட்டுவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நேரம் முடிகிறது, கட்டுரை பாதியில் நிற்கிறது, டிராயிங் மாஸ்டர் தாள்களை வாங்கிக்கொண்டு, தரையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போகிறார்.

ஏன்டி சொல்லல இத்தனை நாளா? சண்டை போடுகிற குரலில்தான் வருகிறது, எனக்கு வேறு குரல் இல்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், கோபமாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன், கோபம் இல்லை. "நீங்க... ரொம்ப... சந்தோஷமா... இருந்தீங்க." அவ்வளவுதான். எனக்காக அத்தனை பாட்டையும் கேட்டிருக்கிறாள்! வேறு என்னென்ன? சரித்திரம் பிடிக்கும் என்று நான் சொன்னேனா, அவள் சொன்னாளா? தலைவலி என்றாளே, தலைதானா? ஒன்பதாவதில் ஒரு நாள், மழைக்காக வராந்தாவில் ஒதுங்கி நின்றபோது, "டீச்சர்... உங்கள... எனக்குப்... பிடிக்..." என்றாள், பிடிக்குமா! எனக்கும் உன்னைப் பிடிக்கும்டி என் செல்லமே என்று அப்படியே கட்டிக்கொண்டேனே, அவள் ஒன்றும் பேசவில்லை, என் தோளில் முகம் அழுந்த எப்படிப் பேசுவாள்? நம் பேச்சில் உண்டா இல்லையா என்பது கடைசியில்தானே வரும், வாலில், அந்த வாலைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் நறுக்கிப் போட்டிருக்கிறேன். பிடிக்கும்தானா... பிடிக்கலையா...

மணி அடிக்கிறது. கீழே அந்தக் காதைப் பொத்துகிற பையன் மேசைக்கடியில் நுழைந்திருப்பானே, போய் வெளியே கூப்பிட வேண்டும், தலைமையாசிரியையும் பெயர் கேட்டு ஆள் அனுப்பிவிடுவார், சீக்கிரம், சீக்கிரம்... நாற்காலியின் பிடியில் கை வைத்துவிட்டேன். "டீச்சர்..." என்கிறாள் மகாராணி. கையை எடுத்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்காருகிறேன், முழங்கால் கத்துகிறது. "பொதுத்தேர்வுக்கு... நீங்க... வர..." வரணுமா, வர வேணாமா, இரண்டுமே என் வாயில் தயாராக நிற்கின்றன, தள்ளிவிட்டால் விழுந்துவிடும், எது விழுந்தாலும் அவள் தலையாட்டிவிடுவாள், அது மட்டும் நிச்சயம். பல்லை இறுக்கிக்கொள்கிறேன். வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், யாரோ என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள், கூப்பிடட்டும். அவள் உதடு அடுத்த எழுத்துக்காக ஒட்டிப் பிரிகிறது, மறுபடி ஒட்டுகிறது. அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியவில்லை.