அண்ணி தேடிய ப்ளகின்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. சார்ஜர் வாங்கப் போன கணினிக் கடையில், எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரிடம் இல்லை, தங்களுக்குள்ளேயே. விற்பவன் ஏற்றுவான், வாங்குபவன் இறக்குவான், பேரத்துக்கு இந்த இரண்டு திசைதான் உண்டு என்று நம்பி வளர்ந்தவன் நான். இவர்களோ ‘நஷ்டம் எனக்கே இருக்கட்டும்’ என்று மல்லுக்கு நின்றார்கள்.

“நானே உன் பக்கம் வந்துடறேன்,” என்றாள் மூத்தவள்.

“வேணாம் அண்ணி. நீங்க உங்க பக்கமே இருங்க,” என்றாள் இளையவள்.

எடுத்த சார்ஜரைத் திரும்ப வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். இதற்கு மேல் வருவதில் கேட்டது கொஞ்சம், கட்டியது மிச்சம். எது எது என்று பிரித்துத் தர மாட்டேன். கலந்தவனே சலித்தும் கொடுக்க வேண்டும் என்றால் எந்தக் கடை நடக்கும்?

2

முதல் தொடக்கம்: ‘இசை என்பது மனித மனத்தின்—’

(அடித்துவிட்டேன். ‘என்பது’ வந்தாலே வாசகர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.)

இரண்டாவது: ‘அவர்கள் நாத்தனாரும் அண்ணியும். ஆகவே ஒருவரை ஒருவர்—’

(இதையும் அடித்தாயிற்று. இவர்களுக்குள் சண்டையே இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையும் இருந்திருக்காது.)

மூன்றாவது:

வீட்டில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். விசைப்பலகையை இரண்டே விரலால் கொத்துவாள். நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைக்கிறாள். அவள் அண்ணனின் மனைவி அந்த இசையைக் கலவை செய்கிறாள், அதாவது எந்தச் சத்தம் முன்னால் நிற்கணும், எது பின்னால் நிற்கணும் என்று பார்த்துச் சமன்படுத்துகிறாள். ஒரே வீடு, எதிரெதிர் அறைகள். குருவியிடம் விண்டோஸ், அண்ணியிடம் மேக். குருவி ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக இறக்கி, ஒரு டிரைவில் போட்டு, நடையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆக அண்ணிக்குச் சமைத்த சோறு வரும், அடுப்படி தெரியாது.

அப்படியே ஓடியது ஐந்து வருஷம். போன வாரம் குருவியின் கணினிக்கு மதர்போர்டு போய்விட்டது. கையில் இருப்பதோ பெரிய நாடகம். அதன் இயக்குநர் அரங்கேற்றத்துக்கு முந்தின நாள்கூட ‘இந்த இடத்துல கொஞ்சம் சோகம் குறைச்சலா இருக்கே’ என்பார். இனிமேல் டிரைவைத் தூக்கிக்கொண்டு நடையில் நடந்தால் கட்டுப்படியாகாது. எல்லா வாத்தியமும் அடங்கிய ஒரே பிராஜெக்டை இருவரும் திறக்க வேண்டும், அதற்கு இரண்டு கணினியும் ஒரே ஜாதியாக இருப்பதுதான் வசதி.

“நீ மேக்குக்கு வந்துடு,” என்றாள் அண்ணி.

“என் ப்ளகின் அங்க வராதே.”

* ப்ளகின் என்பது இசை மென்பொருளுக்குள் குடிவைக்கிற சின்ன மென்பொருள். ஒன்று வீணையாகும், ஒன்று எதிரொலியாகும். சரக்கு ஒன்றானாலும் மூட்டை வேறு. ஏயு மூட்டையை மேக்கில் மட்டும்தான் இறக்கலாம். விஎஸ்டி மூட்டை இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் அந்தந்தப் பக்கத்துக்கென்று தனியாகத் தைத்திருக்க வேண்டும். செய்தவர் தொழிலை விட்டுப் போன பழைய மூட்டை என்றால், அது ஓடுகிற பழைய கணினியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். (‘என்பது’ இங்கே வந்துவிட்டது. அடிக்குறிப்பில் பரவாயில்லை.)

3

குருவியின் அந்த ப்ளகினைப் பற்றிச் சொல்கிறேன். உடைந்த நாணலுக்குள் காற்று போவதுபோல் ஒரு சத்தம். பாதி மூச்சு, பாதி சுருதி. எந்த நாடகத்தில் வந்தாலும் பார்வையாளர்கள் இருமலை அடக்கிக்கொள்வார்கள். அவளைத் தேடி வேலை வருவதே அதற்காகத்தான்.

“அது என்ன ப்ளகின்? பேரைச் சொல்லு, நானும் வாங்கறேன்,” என்று அண்ணி முதல் வருஷமே கேட்டாள்.

“பழைய விண்டோஸ் விஎஸ்டி அண்ணி. உங்களுதுல திறக்காது.”

இந்தத் தொழிலில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. ‘திறக்காது’ என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை, எல்லாரும் பட்டவர்கள். ஆனால் அண்ணி சும்மா இருக்கவில்லை. மேக்கில் அதேபோல் ஒன்று கிடைக்குமா என்று ஐந்து வருஷமாகத் தேடுகிறாள். “இது உன்னுது மாதிரியே இருக்கு, கேளேன்” என்று மாதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவாள். குருவி கேட்டுவிட்டு, “கிட்ட வருது அண்ணி, ஆனா அது இல்ல” என்பாள்.

அது வராது. அப்படி ஒரு ப்ளகினே கிடையாது. அது அண்ணியின் குரல்.

4

(இந்த இடத்தில் குருவியை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு அவள் பக்கத்தையும் கேட்டுப் பார்த்தேன்.)

அண்ணி முன்பு கோரஸ் பாடிக்கொண்டிருந்தவள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலில் பாதியும் போனது. தினமும் அரைமணி நேரம் முனகிப் பழகச் சொன்னார் டாக்டர். அண்ணி வீட்டாரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “நான் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க யாரும் காது குடுக்காதீங்க.”

அண்ணன் அந்த அரைமணி நேரமும் வெளியே போய் நின்றுகொள்வான். குருவி ஒருநாள் எதிர் அறையில் புது மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியாக அது வந்து பதிந்துவிட்டது. அழிக்கத்தான் நினைத்தாள். அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டாள், பிறகு சுருதியை இறக்கிப் பார்த்தாள், பிறகு பதிந்த சத்தத்தை வாத்தியமாக்கித் தரும் சாம்ப்ளரில் போட்டு இரண்டு விரலால் கொத்திப் பார்த்தாள்.

அண்ணி அதற்குப் பிறகு எவர் முன்னாலும் பாடவில்லை. கலவை வேலைக்கு மாறிக்கொண்டாள்.

* ‘அந்தப் பதிவுக் கோப்பின் பெயரை மாற்றி மறைத்தால் போச்சு, இதற்கு ஏன் இத்தனை பாடு?’ என்று ஒரு கெட்டிக்கார வாசகர் கேட்பார். மாற்றலாம். ஆனால் பிராஜெக்ட் ஒன்றானால் கலவைக்காரி அந்த டிராக்கை மட்டும் தனியாக விட்டுக் கேட்பாள், அதுதான் அவள் பிழைப்பு. சுருதி இறக்காத மூலக் கோப்பு அங்கேதான் இருக்கும். தன் மூச்சு எங்கே திணறும் என்று அவளுக்குத் தெரியாதா?

5

இப்போது கடைக்கு வருவோம்.

“யோசிச்சுட்டேன்,” என்றாள் அண்ணி. “என் மேக்கை வித்துடலாம். ரெண்டு பேருக்கும் விண்டோஸ். அந்தச் சத்தத்தை விட்டா உனக்கு வேற என்ன இருக்கு?”

“நல்லா இருக்கு போங்க. பாராட்டா இது?”

“உண்மையைச் சொன்னேன். எனக்குப் புதுசாக் கத்துக்க ஒரு மாசம் ஆகும், திட்டிக்கிட்டே கத்துப்பேன். அந்தச் சத்தம் போனா வருமா?”

“உங்க ப்ளகின் எல்லாம் ஏயு. அத்தனையும் மறுபடி வாங்கணும்.”

“பாதிக்கு மேல விஎஸ்டியும் சேர்த்தேதான் குடுத்திருக்காங்க. பார்த்துட்டுத்தான் வந்தேன். வேற சாக்கு இருந்தா சொல்லு.”

குருவியிடம் இருந்த ஒரே சாக்கும் தீர்ந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறப்பார்கள்.

“பழைய ப்ளகின்னா புது விண்டோஸ்லயும் சிலது தகராறு பண்ணும்மா. பேரைச் சொல்லுங்க, ஓடுமான்னு பார்த்துடுவோம். டிரைவ் கொண்டு வந்திருந்தா இங்கயே மாட்டுங்க.”

அண்ணி திரும்பிக் குருவியைப் பார்த்தாள். “சொல்லேன். ஐஞ்சு வருஷமாக் கேக்கறேன்.”

6

இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ) குருவி வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்கிறாள். கடைக்காரர் தேடுகிறார், கிடைக்கவில்லை. “நிறுத்திட்டாங்க போல.” வீடு வரும்வரை அண்ணி அவளைத் தேற்றிக்கொண்டே வருகிறாள், “பாவம்டி நீ, உன் சத்தமே போச்சே.” இதை எழுதி முடித்தபோது பேனாவைக் கீழே வைக்கத் தோன்றியது. திருடியவளுக்கே ஆறுதலும் கிடைப்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆ) அண்ணிக்கு முதல் நாளே தெரியும். தன் குரல் தனக்குத் தெரியாதா, தெரிந்துதான் இத்தனை நாள் விளையாடினாள். இது நன்றாக விற்கும், எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமலே மன்னிப்பு கிடைத்துவிட்டால் குருவி வாயைத் திறக்கவே வேண்டாம். அவ்வளவு பெரிய தள்ளுபடி நான் கொடுப்பதில்லை.

இ) குருவி, பழுதான கணினியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த டிரைவைக் கடைக் கணினியில் மாட்டினாள். அது விண்டோஸா மேக்கா என்று பார்க்கவில்லை. வெறும் ஒலிக்கோப்புக்கு எல்லாக் கணினியும் ஒன்றுதான். அண்ணியின் கழுத்தில் எப்போதும் கிடக்கும் ஹெட்போனின் முனையை வாங்கிச் செருகினாள்.

“ப்ளகின் இல்ல அண்ணி. நீங்கதான்.”

சுருதி இறக்காத கோப்பு ஓடியது. அண்ணியின் முகம் திரைப் பக்கம் இருந்தது. நாற்பது நொடி. முடிந்ததும் அவளே மறுபடி ஓடவிட்டாள்.

“நான் கதவைச் சாத்தித்தானே இருந்தேன்,” என்றாள்.

“சாத்தித்தான் இருந்தீங்க.”

“காது குடுக்காதீங்கன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

கடைக்காரர் இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாம் முறை ஓடும்போது அண்ணி ஒலியைக் கூட்டினாள்.

“அடியில ஒரு இரைச்சல் கேக்குது. ஃபேன் ஓடிச்சா?”

“ஆமா.”

“அதை எடுத்துடலாம்,” என்றாள். அவள் கை மவுஸின் மேல் இருந்தது, திரையில் அந்தக் கோப்பு தேர்வாகி நீலமாக இருந்தது, ஒரு தட்டில் அழித்தும் விடலாம். “இல்லன்னா—”

7

அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் இல்லை, அண்ணி. அதை நான் முடித்தால், அவளைக் கேட்காமல் அவள் வாயிலிருந்து எடுத்தவர்கள் கணக்கில் என் பெயரும் சேர்ந்துவிடும்.

முடிக்க உங்களுக்குக் கை பரபரக்கலாம். குருவி கண்ணை எடுக்காமல் அந்த மவுஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவளிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். ஆனால் எதை எழுதுவதானாலும் முதலில் அண்ணியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.